ஒருவேளை சாரும் ஒன்பது நாய்களும்

இந்த உலகத்தில் இனி நடக்கப்போகும் விபத்துகள் அத்தனையையும் முன்கூட்டியே பார்த்து முடித்துவிட்ட மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் ஆபீஸின் ஒருவேளை சார்தான். மின்விசிறி சுற்றினால் அது கழன்று விழுவதைப் பார்ப்பார். படிக்கட்டைப் பார்த்தால் அதில் யாரோ உருண்டு கிடப்பதைப் பார்ப்பார். டீ கொண்டுவந்து வைத்தால் டீயைப் பார்க்க மாட்டார், அது கொட்டப்போகும் இடத்தைப் பார்ப்பார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்தது. ஆனால் வாயைத் திறந்தால் முதலில் வந்து விழுகிற சொல் ‘ஒருவேளை’ என்பதால், சேர்ந்த மூன்றாம் நாளே எங்கள் வசதிக்கு ஒரு பெயர் அமைந்துவிட்டது.

எங்கள் ஆபீஸ் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினத்தை ஒட்டி, கடற்கரைச் சாலையோரம் இருந்த ஒரு பழைய ரிசார்ட் கட்டடம். நாற்பது பேர் உட்கார்ந்து வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதினோம். முதலாளி மேடம் பல வருஷம் வெளியே இருந்துவிட்டு, ஒரு லாப்ரடாரோடும் ஒரு கொள்கையோடும் ஊர் திரும்பியவர். ஊழியர்கள் தங்கள் நாயை ஆபீஸுக்குக் கூட்டி வரலாம் என்பது அந்தக் கொள்கை. கூட்டி வந்தால் மட்டும் போதாது, அவற்றைக் கொண்டாடவும் வேண்டும். பிறந்தநாளைக்கு நாயின் போட்டோ போர்டில் ஏறும், கேக் வரும், நாற்பது பேரும் கைதட்ட வேண்டும். என் பிறந்தநாளுக்கு ஒரு மெயில் வந்ததோடு சரி.

நாய்களின் எண்ணிக்கை ஒன்பதைத் தொட்டதும் மேடத்துக்கே கொஞ்சம் பயம் வந்து, பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளைத் தேடினார். ஒருவேளை சார் அப்படித்தான் வந்து சேர்ந்தார். அணுபுரம் டவுன்ஷிப்பில் முப்பது வருஷம் குடியிருந்து, வேலைக் காலம் முழுக்க அணுமின் நிலையத்தின் பாதுகாப்புப் பிரிவிலேயே ஓட்டி, ஓய்வு பெற்றவர். எந்த விபத்தும் நடக்காமல் பார்த்துக்கொள்வது ஒன்றே வேலையாக இருந்த மனிதருக்கு, ஓய்வு பெற்ற பிறகு கவலைப்பட ஏதும் இல்லாமல் இரத்த அழுத்தம் ஏறியதாக அவர் மனைவியே ஒருநாள் சொன்னார்.

நேர்முகத் தேர்வில் மேடம் அவரிடம், “சார், உங்களுக்கு நாய் பிடிக்குமா?” என்று கேட்டாராம்.

“பிடிக்கும் பிடிக்காதுங்கிறதுக்கு இதுல வேலையே இல்லம்மா. காலையில ஒன்பது வருது. சாயங்காலம் ஒன்பது போகணும்” என்றாராம் இவர். அந்த இடத்திலேயே வேலை கொடுத்துவிட்டார்கள்.

முதல் வாரமே வாசலில் ஒரு பலகை ஏறியது. அதில் ஒன்பது ஆணி, ஒவ்வோர் ஆணியிலும் ஒரு நாயின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. தகட்டின் ஒரு பக்கம் பச்சைப் பெயின்ட், மறுபக்கம் சிவப்பு. நாய் உள்ளே வந்தால் பச்சை, வெளியே போனால் சிவப்பு. சாயங்காலம் தகடும் நாயும் ஒத்துப்போகாதவரை மனிதர்கள் யாரும் கேட்டைத் தாண்ட முடியாது. கேட்டில் இருந்த செக்யூரிட்டிக்கு இது தாங்கவில்லை. அவர் சதுரங்கப்பட்டினத்து மீனவர் குப்பத்து ஆள், எங்கள் எல்லோருக்கும் ‘அண்ணாத்த’.

“இன்னா சார் இது அநியாயம். எங்க வூட்டு ரேசன் கார்டுல எம் பேரே இல்ல. அந்த ஜிம்மி பேரு பித்தளைல கீது” என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருமுறை ஜிம்மியின் சொந்தக்காரர் தகட்டைத் திருப்ப மறந்துவிட்டு நாயோடு வீட்டுக்குப் போய்விட்டார். தகடு பச்சையிலேயே இருந்தது. முப்பத்தொன்பது பேரும் கேட்டுக்கு உள்ளே நின்றோம். வீடியோ காலில் ஜிம்மி தட்டில் சோறு தின்பதைக் காட்டினார்கள். சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு போனை மூக்கருகே பிடித்தார்.

“ஒருவேளை இது வேற நாயா இருந்தா? வாலைக் காட்டச் சொல்லுங்க.”

வாலைக் காட்டினார்கள். வால் நுனியில் வெள்ளை இருப்பதை உறுதி செய்துகொண்டு, தகட்டைத் தானே திருப்பிவிட்டு, அதன் பிறகுதான் எங்களை வீட்டுக்கு விட்டார்.

பிறந்தநாள் கொண்டாட்டங்களில் அவர் படுத்திய பாடு தனிக் கதை. “ஒருவேளை வாலு மெழுகுவத்தில பட்டுதுன்னா?” என்று கேட்டு, மெழுகுவர்த்தியை நாயிடமிருந்து பிரித்துவிட்டார். கேக் மேஜையில் இருக்கும். மெழுகுவர்த்தி ஃபைல் பீரோவின் உச்சியில் எரியும். நாய் அறையின் மறுகோடியில் உட்கார்ந்து அதை அண்ணாந்து பார்க்கும். ஏணி போட்டு ஏறி ஒருவர் ஊதி அணைப்பார், சார் ஏணியைப் பிடித்துக்கொள்வார். நாங்கள் ‘ஹேப்பி பர்த்டே’ பாடும்போது நாயைவிட அதிகமாக ஏணியைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

இவ்வளவு செய்கிறவர், இரண்டு வருஷத்தில் ஒரு நாயைக்கூடத் தொட்டதில்லை. நாய் உள்ள மேஜைகளைச் சுற்றி ஒரு மீட்டர் தள்ளித் தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தார். கோட்டுக்கு வெளியே நின்றுதான் பேசுவார். கொழுகொழுவென்ற லாப்ரடார் அவர் முன்னால் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டினாலும், வயிற்றில் சிரங்கு ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பாரே ஒழிய, கை நீளாது.

“பயமா சார்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பயம் இல்லப்பா. தொட்டா பழக்கம் வந்துடும். பழகிட்டோம்னா, இது நம்ம நாயி, எங்க போயிடப் போவுதுன்னு ஒரு நெனப்பு வரும். அந்த நெனப்பு வந்த அன்னைக்கு எண்ணிக்கை தப்பும்.”

இதைச் சொல்லிவிட்டு, என் மேஜைக்கு அடியில் இருந்த பிளக் பாயின்ட்டைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். அன்று முழுக்க நான் காலைத் தூக்கி நாற்காலி மேலேயே வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். அவருடைய கவலை ஜலதோஷம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அவர் வந்த ஆறு மாதத்தில் நான் கேஸ் அடுப்பை மூன்று தடவை பார்க்காமல் வீட்டைப் பூட்டுவதில்லை என்ற நிலைக்கு வந்திருந்தேன்.

அடுத்துதான் ஒத்திகை வந்தது. நாய் தப்பி ஓடிவிட்டால் என்ன செய்வது என்பதற்கு மாதம் ஒரு ஒத்திகை நடத்த வேண்டும் என்றார். அலுவலக வாட்ஸாப் குழுவில் ‘வால் வெளியே’ என்று, ஏதாவது ஒரு நாயின் பெயரோடு, செய்தி வரும். வந்ததும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் நான்கு திசையிலும் தேடப் போக வேண்டும். உண்மையான நாயை வெளியே விட்டால் உண்மையாகவே தொலைந்துவிடும் அல்லவா, அதனால் நாய்க்குப் பதில் ஒரு மனிதரை நியமித்தார். எச்.ஆர். பாலாஜிதான் அது. குண்டான, நல்ல மனசுக்காரர், யார் எது கேட்டாலும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர்.

பாலாஜி ‘நாய்’ என்று எழுதிய ஆரஞ்சு நிறச் சட்டையை மாட்டிக்கொண்டு எங்காவது ஒளிந்துகொள்வார். நாங்கள் தேடிப் பிடித்து, இடுப்பு பெல்ட்டில் நாய்க் கயிற்றை மாட்டி, ஆபீஸுக்கு நடத்திக் கொண்டுவர வேண்டும். சார் கடிகாரத்தோடு வாசலில் நிற்பார். பாலாஜி கேட்டுக்குள் காலை வைத்ததும் அண்ணாத்த அந்த நாயின் தகட்டைப் பச்சைக்குத் திருப்புவார், குழுவில் ‘வந்தாச்சு’ என்று போடுவார். ஒத்திகை முடிந்தது. எங்களுடைய சிறந்த நேரம் பதினான்கு நிமிஷம். ஒருமுறை வேடந்தாங்கலில் பறவை பார்த்துவிட்டு மாமல்லபுரம் போய்க்கொண்டிருந்த வேன் ஒன்று நின்று, கயிற்றோடு வந்துகொண்டிருந்த பாலாஜியைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனது. அடுத்த ஒரு வாரம் மனிதர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த இடத்தில் கவிதாவையும் லட்டுவையும் பற்றிச் சொல்ல வேண்டும். கவிதா செய்யூர்ப் பக்கத்துப் பெண். சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்குத் தனியாக இருந்தாள். தனியாக என்றால் லட்டுவோடு. லட்டு பதிமூன்று வயது பொமரேனியன், ஒரு கண்ணில் வெண்படலம் விழுந்த கிழம். அதற்கு வலிப்பு வரும். எட்டு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை, காலை எட்டு, மாலை நான்கு, ராத்திரி பன்னிரண்டு. முன்பு வேலை பார்த்த இடத்தில் நாயைச் சேர்க்கவில்லை. ஒருநாள் வீடு திரும்பியபோது லட்டு கதவருகில் வலிப்பு வந்து கிடந்ததாம், எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லையாம். மறுநாளே அந்த வேலையை விட்டுவிட்டாள். “எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதாங்க. இன்னொரு வாட்டி அப்படிப் பார்த்தா என்னால தாங்க முடியாது” என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

தினமும் மாலை மூன்று ஐம்பத்தைந்துக்கு ஒருவேளை சார் அவள் மேஜைக்கு வந்து மஞ்சள் கோட்டுக்கு வெளியே நிற்பார். அவள் மாத்திரையைத் தயிர்ச்சோற்று உருண்டையில் வைத்துக் கொடுத்து, லட்டு விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் நகர்வார்.

பொங்கல் விடுமுறை முடிந்து ஆபீஸ் திறக்கும் அன்று எங்களுக்கு ‘நாய்ப் பொங்கல்’. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக்குச் செய்வது எல்லாம் நாய்க்கும் உண்டு, குளிப்பாட்டல், மாலை, பொங்கல், ஊழியர் குடும்பங்களுக்கு விருந்து. அந்த வருஷம் சாருக்கு அது இரண்டாவது நாய்ப் பொங்கல். பூ மாலையை எடுத்த எடுப்பில் மறுத்துவிட்டார். “ஒருவேளை அரளி கலந்திருந்தா? தின்னுச்சுன்னா உயிருக்கே ஆபத்து.” அதனால் கேரட்டும் பீன்ஸும் கோத்து மாலை கட்டினோம். சர்க்கரைப் பொங்கலில் திராட்சை கூடாது, நாய்க்கு விஷம் என்றார். முந்திரி கூடாது, நெய் கூடாது, கடைசியில் சர்க்கரையும் கூடாது. வெறும் குழைந்த சோறுதான் மிஞ்சியது. அதற்கும் சர்க்கரைப் பொங்கல் என்றே பலகையில் எழுதி வைத்தோம். மாலை போட்ட ஐந்தாவது நிமிஷத்தில் ஒவ்வொரு நாயும் பக்கத்து நாயின் மாலையைத் தின்று முடித்திருந்தது.

ஒன்றே ஒன்றில்தான் அவர் தோற்றார். மேடம் பம்பைக்காரர்களை ஏற்பாடு செய்திருந்தார்.

“ஒருவேளை பம்பை சத்தத்துல நாயி மிரண்டுச்சுன்னா?”

“சார், வருஷத்துல ஒரு நாளு. இன்னைக்காவது கொஞ்சம் சந்தோஷமா இருக்க விடுங்களேன்” என்றார் மேடம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சாருடைய முகம் சுருங்கிவிட்டது. சரிம்மா என்று சொல்லிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார். அன்றைக்கு அவருக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

மூன்று மணிக்குப் பம்பை அடித்தார்கள். ஹால் ஓடு அதிர்ந்தது. ‘ஆபீஸின் மூத்த நாய்’ என்ற பட்டம் அன்று லட்டுவுக்கு. மேடம் மைக்கில் லட்டு என்று கூப்பிட்டார். கவிதா கைப்பையில் போனைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பினாள். நாற்காலி இருந்தது. நாற்காலியில் கட்டிய கயிறு இருந்தது, கயிற்றின் நுனியில் கழுத்துப்பட்டை இருந்தது. லட்டு இல்லை. பம்பைக்காரர்களின் வண்டி நிற்பதற்காக கேட் விரியத் திறந்து கிடந்தது.

ஒரு நிமிஷத்தில் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் ஒலித்தது. ‘வால் வெளியே. லட்டு.’

இனி நடந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நாங்கள் யாரும் முட்டாள்கள் இல்லை, நாற்பது பேரில் பாதிப் பேர் முதல் வகுப்பில் தேறியவர்கள். ஆனால் எங்களுக்கு அந்தச் செய்தி வந்தால் அது ஒத்திகை. இரண்டு வருஷமாக அப்படித்தான். குடும்பங்கள் எல்லாம் வந்திருக்கின்றன, மனிதர் தன் வேலையைக் காட்டுகிறார் என்று நினைத்தோம். பாலாஜியும் அப்படித்தான் நினைத்தார். ‘சார் நம்மகிட்ட முன்னாடியே சொல்லலையே, திடீர் ஒத்திகை போல இருக்கு’ என்று எண்ணிக்கொண்டு, பந்தியிலிருந்து எழுந்து, கை கழுவிவிட்டு, ஆரஞ்சு சட்டையை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய் ஒளிந்துகொண்டார்.

மீதி எல்லோரும் பாலாஜியைத் தேடினோம்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்டுபிடித்தது நான்தான். சவுக்குத் தோப்பில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகுக்கு அடியில் இருந்தார். பெல்ட்டில் கயிற்றை மாட்டி, ஓட்டமும் நடையுமாகக் கூட்டிவந்தேன். ஒன்பது நிமிஷம். குடும்பங்கள் எல்லாம் கைதட்டின. பம்பைக்காரர்கள் எதற்கென்று தெரியாமலே இன்னொரு அடி அடித்தார்கள். அண்ணாத்த லட்டுவின் தகட்டைப் பச்சைக்குத் திருப்பி, குழுவில் ‘லட்டு வந்தாச்சு’ என்று போட்டுவிட்டார்.

அந்த நேரம் ஒருவேளை சாரும் கவிதாவும் சாலைக்கு மேற்கே, கால்வாய்க் கரையில், தண்ணீரில் விழுந்திருக்குமோ என்று சேற்றில் இறங்கித் தேடிக்கொண்டிருந்தார்கள். செய்தியைப் பார்த்ததும் கவிதா அங்கேயே உட்கார்ந்து அழுதாளாம், நிம்மதியில். பிறகு மெதுவாக நடந்து வந்தார்கள். முழங்கால்வரை சேறு, முகத்தில் சிரிப்பு. வாசலில் பாலாஜி கயிற்றோடு நின்றார்.

“ஒன்பது நிமிஷம் சார். நம்ம ரெக்கார்டு” என்றார் பாலாஜி.

கவிதா அவரைத் தாண்டிப் பார்த்தாள். “லட்டு எங்க?”

“நான்தாங்க” என்றார் பாலாஜி.

கவிதாவுக்கு விளங்க இரண்டு விநாடி ஆயிற்று. “இவரு இல்ல சார். என் லட்டு சார். என் லட்டு எங்க சார்” என்று அவள் சாருடைய கையைப் பிடித்து உலுக்கினாள். சார் பலகையைப் பார்த்தார். ஒன்பதும் பச்சை. அந்தப் பலகையைப் பார்த்து அவர் முகம் போன போக்கை நான் மறக்க நினைத்தும் முடியவில்லை. மணி மூன்று நாற்பது. தேட வேண்டிய நேரத்தில் அரை மணி போயிருந்தது, மாத்திரைக்கு இருபது நிமிஷம் இருந்தது.

“இன்னாடா பண்ணி வச்சிகிறோம்” என்றார் அண்ணாத்த, யாரிடமும் இல்லாமல்.

சார் அலறவில்லை, யாரையும் திட்டவில்லை. எல்லோரும் பிரிந்து போகச் சொன்னார், பாதிப் பேரைத் தோப்புக்கு, பாதிப் பேரை மெயின் ரோட்டுக்கு. அண்ணாத்தயைக் குப்பத்துக்குப் போன் போடச் சொன்னார். பிறகு நேராக என் பைக்கில் வந்து ஏறினார்.

“சார், ஹெல்மெட்.”

“எடுப்பா வண்டிய.”

கடற்கரைச் சாலையைக் கடக்க இரண்டு பக்கமும் மூன்று மூன்று தடவை பார்க்கிற மனிதர், என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “இன்னும் வேகமா, இன்னும் வேகமா” என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்தக் கிழட்டு நாய்க்கு ஏதாவது ஆகியிருந்தால் கவிதாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

“எங்க சார் போறது?”

“வீட்டுக்குத்தான். மிரண்ட நாயி வீட்டுக்குத்தான் போவும். கண்ணு சரியாத் தெரியாது, ஆனா அந்தப் பொண்ணு தெனம் கோட்டை மதிலை ஒட்டித்தான் நடத்திக் கூட்டிவரும். மதிலைப் பிடிச்சிக்கினே போ.”

முப்பது வருஷம் இந்தப் பக்கத்தில் இருந்தும் அதுவரை அவர் பேச்சில் இல்லாத ‘பிடிச்சிக்கினே’ அன்று அவசரத்தில் வந்துவிட்டது. கோட்டைத் திருப்பத்தில் என் போன் அடித்தது. அண்ணாத்த.

“சார், எங்க மச்சான் பேசனான். கோட்டை மதிலாண்ட ஒரு வெள்ள நாயி இழுத்துகினு கெடக்குதாம். சீக்கிரம் போங்க சார்.”

மதிலோரம் வலை பின்னிக்கொண்டிருந்த ஆட்கள் ஐந்தாறு பேர் சுற்றி நின்றார்கள். நடுவில் லட்டு. கால் நான்கும் விறைத்து, வாயில் நுரை தள்ளி, உடம்பு வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு பெரியவர் அதன் முன்னங்காலில் வீட்டுச் சாவிக்கொத்தை வைத்து அழுத்திப் பிடித்திருந்தார், வலிப்புக்கு இரும்பு கொடுக்க வேண்டும் என்று.

“விட்ருங்கய்யா. நல்ல மனசுல செய்றீங்க, ஆனா பிடிக்க வேணாம். வாயாண்ட கை போவ வேணாம். கொஞ்சம் காத்து வரட்டும்” என்றார் சார்.

சொல்லிக்கொண்டே மணலில் மண்டியிட்டார். தன் சட்டையைக் கழற்றிச் சுருட்டி, லட்டுவின் தலை தரையில் மோதாமல் அடியில் செருகினார். பக்கத்தில் கிடந்த கல்லையெல்லாம் கையால் ஒதுக்கினார். கடிகாரத்தைப் பார்த்தார். எங்களால் செய்ய முடிந்தது அவ்வளவுதான், பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அவ்வளவு நீளமான நிமிஷங்களை நான் வாழ்நாளில் கண்டதில்லை. பனியன் போட்ட அந்த மனிதர் குனிந்து நாயின் காதருகே ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். கிட்டப் போய்க் கேட்டேன்.

“ஒண்ணும் ஆவாது. ஒண்ணும் ஆவாதுடா. ஒண்ணும் ஆவாது.”

அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டது அது ஒரே தடவைதான்.

இழுப்பு நின்றது. லட்டு கண்ணைத் திறந்தது, யாரென்று தெரியாமல் விழித்தது, எழுந்திருக்கப் பார்த்துச் சாய்ந்தது. சாய்ந்த தலையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். நுரை, மணல், சேறு எல்லாம் அவருடைய பேன்ட்டில். அவர் துடைக்கவில்லை. கவிதா ஆட்டோவில் வந்து இறங்கி ஓடி வரும்வரை, லட்டுவின் காதுக்குப் பின்னால் ஒரு விரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அதே ஆட்டோவில் கால்நடை டாக்டரிடம் போனார்கள். நான் பைக்கில் பின்னால். டாக்டர் ஊசி போட்டுவிட்டு விவரம் கேட்டார். கவிதா தேம்பிக்கொண்டிருந்தாள். சார் பேன்ட் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். எடை ஆறு கிலோ இருநூறு. இந்த மாத்திரை, இத்தனை மில்லிகிராம். கடைசியாக வலிப்பு வந்தது போன ஆடியில். இன்றைக்கு நாங்கள் பார்த்தது முதல் இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி. எல்லாவற்றையும் கணீரென்று படித்தார்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “நாயை ரொம்ப நல்லாப் பாத்துக்கிறீங்க சார். உங்க நாயா?”

“இல்ல டாக்டர்” என்றார் பனியனோடு நின்ற ஒருவேளை சார். “எங்க ஸ்டாஃப்.”

பயப்பட ஒன்றும் இல்லை, ராத்திரி முழுக்கக் கவனமாகப் பார்த்துக்கொண்டால் போதும் என்றார் டாக்டர். அதைக் கேட்ட பிறகுதான் சார் நோட்டை மூடினார். பெஞ்சில் உட்கார்ந்தார். “அந்தக் கேட்டை நான் பாத்திருக்கணும் தம்பி. கோவத்துல ஓரமாப் போய் நின்னுட்டேன்” என்றார். பிறகு தன் கைகளைப் பார்த்தார், ஏதோ புதிதாக முளைத்த மாதிரி. சோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு எழுந்து போனார்.

நோட்டு பெஞ்சிலேயே இருந்தது. அடுத்தவர் நோட்டைப் பிரிப்பது தப்புதான், பிரித்தேன். முதல் ஒன்பது பக்கம் ஒன்பது நாய்கள். பத்தாவது பக்கத்திலிருந்து நாங்கள். பாலாஜிக்கு சர்க்கரை இருப்பது, அண்ணாத்தக்கு இடது காது மந்தம் என்பது, கவிதா மதியச் சாப்பாட்டை அடிக்கடி விட்டுவிடுவது, எல்லாம் இருந்தது. என் பெயரிலும் ஒரு பக்கம். இரத்த வகை, அம்மாவின் போன் நம்பர், அதற்குக் கீழே அவருடைய சாய்ந்த கையெழுத்தில் இரண்டு வரி. ‘திருக்கழுக்குன்றம் ரோட்டில் மழையிலும் வேகமாக ஓட்டுகிறான். சொன்னால் கேட்பதில்லை, சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.’

ஈரக் கையோடு வந்தவர் நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

“படிச்சியா?”

“இல்ல சார்.”

“சரி, கிளம்பு. இருட்டறதுக்குள்ள போ.”

லட்டு இன்னும் இருக்கிறது, மேஜைக்கு அடியில் குறட்டை விட்டுக்கொண்டு. ஒத்திகைகளை சாரே அடுத்த நாள் நிறுத்திவிட்டார், பாலாஜி அந்த ஆரஞ்சு சட்டையைத் தன் கையாலேயே எரித்தார். சார் இப்போது மைசூரில் மகள் வீட்டோடு இருக்கிறார். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்திருக்கிறது. மழை நாளில் வேலை முடிந்ததும் ஆபீஸ் வராந்தாவில் வசதியாக உட்கார்ந்துகொண்டு அவருக்குப் போன் போட்டு, “சார், வண்டியிலதான் போய்க்கிட்டு இருக்கேன், நல்ல மழை” என்று பொய் சொல்வேன். பத்து நிமிஷம் மூச்சு விடாமல் திட்டுவார். மழை விட்டாலும் அந்தத் திட்டை முழுசாகக் கேட்டு முடிக்காமல் எனக்கு வீட்டுக்குப் போக மனசு வருவதில்லை.